திருடு போகாத பாலன்

ஜனவரி பிறந்த நாளிலிருந்து ஒமைரா தன் வீட்டு வாசற்கதவைச் சாத்தவே இல்லை. மலைக்காற்று சும்மா விடுமா? உள்ளே புகுந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்பியது, கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கிற அட்டை ஆடுகளைத் தள்ளிவிட்டது, அவளுடைய முழங்காலைக் குடைந்தது. அவள் கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விழுந்த ஆடுகளை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவினாள். கதவை மட்டும் தொடவில்லை. அவளுக்கு ஒரு திருடன் வேண்டியிருந்தது. திருடியாக இருந்தாலும் சரிதான்.

குடிலில் பச்சைப் பாசியின் மேல் பாலன் ஏசு சின்னச் சொரூபமாக மல்லாந்து கிடந்தார். கிறிஸ்துமஸ் இரவு கிடத்தியது. முக்குராய் ஊரில் எல்லா வீட்டுப் பாலனும் அப்படித்தான் கிடப்பார். புது வருஷம் பிறந்துவிட்டால், பிப்ரவரி இரண்டு காணிக்கைத் திருநாளுக்குள் அவரை எழுப்பி நிற்க வைத்துவிட வேண்டும். படுத்தே கிடந்தால் அந்த வருஷம் விதைத்த பூண்டும் படுத்துவிடும் என்பார்கள். ஆனால் சும்மா எழுப்பிவிட முடியாது. ஞானப்பெற்றோர் நாலு பேர் பட்டுத்துணியின் நாலு மூலையைப் பிடிக்க, அதில் பாலனைக் கிடத்தி, வயலின் முன்னே போக, ஊர் மெழுகுதிரியோடு பின்னே வர, சுற்றிக் கொண்டுவந்து நிற்க வைத்து முத்தமிட வேண்டும். அப்புறம் வந்த கூட்டத்துக்கெல்லாம் வீட்டுக்காரர் மோரா என்கிற காட்டுப் பழத்தில் போட்ட வைனும் முட்டைக் கேக்கும் கொடுத்தாக வேண்டும்.

இதற்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடுகிற ஆட்கள் எந்த ஊரில் இல்லை? அவர்களுக்குத்தான் இந்தத் திருட்டு. யாராவது நைசாக உள்ளே போய்ப் பாலனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். திருடு போய்விட்டால் வீட்டுக்காரருக்குத் தப்ப வழியில்லை. விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு, ஊரைக் கூட்டி வீடு வீடாகத் தேடி, கண்டுபிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து எழுப்பத்தான் வேண்டும். திருடும்போது பார்த்துவிட்டால்? பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருட வந்தவரை மறித்த வீட்டுக்காரர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

இந்தத் திருட்டில் ஒமைராவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாவாடை கட்டத் தொடங்கிய வயதில் ஆரம்பித்த கை. ஒரு வருஷம் திருடிய பாலனை அடைகாக்கிற கோழிக்கு அடியில் ஒளித்தாள். ஒரு வருஷம் பால் கேனுக்குள். கோயில்பிள்ளை வீட்டுப் பாலனை அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூக்கினாள். மனுஷர் தலையைத் திருப்பிக்கொண்டே ஜெபத்தைத் தொடர்ந்தார், ஆனால் குரல் மட்டும் ஏறிவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்யாணமே அப்படித்தான் ஆனது. லிபோரியோவின் அம்மா வீட்டில் திருடப்போனபோது, அவன் மூலையில் உட்கார்ந்து கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தான். முறைப்படி தலையைத் திருப்பிக்கொண்டான். ஊர்வலம் முடிந்து கேக் தின்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்களத்தான். திருடும்போது நாக்கக் கடிச்சுக்குவீங்களோ?"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? பாத்தீங்களா? பாக்கலாமா?"

"நான் எங்க பாத்தேன்? தலையத் திருப்பிட்டேன். குடில்ல ஏரிக்குன்னு கண்ணாடி வெச்சிருந்தாங்கல்ல, அதுல தெரிஞ்சுது. அதுக்கு நான் என்ன பண்றது?"

இந்த மலையில் காதலிக்கும்போதும் மரியாதைதான், சண்டை போடும்போதும் மரியாதைதான். நாயை விரட்டும்போதுகூட "போங்க அந்தப் பக்கம்" என்றுதான் விரட்டுவார்கள். முப்பத்தைந்து வருஷம் லிபோரியோவும் ஒமைராவும் ஒருவரை ஒருவர் நீங்க, வாங்க என்றே கூப்பிட்டு, அதே மரியாதையோடு திட்டிக்கொண்டு, கிழங்கும் பூண்டும் போட்டு, ஒரே மகனை வளர்த்து லீமாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பாலனும் வருஷம் தவறாமல் திருடு போவார். திருடியின் வீட்டில் திருடுவதில் ஊருக்கு ஒரு தனிக் குஷி. அவள் வேண்டுமென்றே நாளைத் தள்ளிப்போடுவாள்.

லிபோரியோ இறந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் ஜனவரி துக்கம். யாரும் திருடவில்லை, அதுதான் முறை. அடுத்த ஜனவரி அவள் வைன் போட்டு வைத்தாள், முட்டை சேர்த்து வைத்தாள். ஒருவரும் வரவில்லை. காணிக்கைத் திருநாள் அன்று சாயங்காலம் தானே பாலனைத் தூக்கி, தானே நிற்க வைத்து, தானே முத்தமிட்டு, சுட்டு வைத்த கேக்கைக் கோழிக்குப் போட்டாள். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. இது மூன்றாவது தடவை. இந்தத் தடவையும் ஒருத்தரும் வராவிட்டால், முக்குராயில் தன் வீடு வீடுகளின் கணக்கிலிருந்தே போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பயம்தான் அவளைக் குளிரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வைத்தது.

திருடு போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? கேட்டால் அது திருட்டே இல்லையே. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். வயலின்காரர் ஒனேசிமோ கழுதைமேல் கேரட் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியை மறித்தாள்.

"என்னங்க ஒனேசிமோ, இந்த வருஷம் ஊர்ல எல்லாருக்கும் கை மரத்துப்போச்சா? திருட்டுச் சத்தத்தையே காணோம்?"

"உங்க காலத்தோட போச்சுங்க அதெல்லாம். இப்ப எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க."

"எங்க வீட்டுப் பாலன் இன்னும் படுத்துத்தான் கெடக்கார். முதுகுல புண்ணே வந்துரும்போல."

ஒனேசிமோவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. கழுதையின் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். "இருக்கட்டுங்க. நிம்மதியாப் படுத்திருக்கட்டும். உங்கள யாரு அவசரப்படுத்துறா?" என்று சொல்லிவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு போனார். அவர் குரலில் இருந்த கனிவு அவளுக்குச் சுருக்கென்று குத்தியது.

ஜனவரி கடைசி வாரம். ஒமைரா அடுப்படியில் இருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம். சட்டென்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இல்லாத கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். செருப்புச் சத்தம் வாசற்படியோடு நின்றது.

"ஒமைராக்கா, கதவத் தெறந்து போட்டுட்டு மறந்துட்டீங்க பாருங்க! காத்து என்னமா அடிக்குது!" எதிர்வீட்டு பெல்கிஸின் குரல். நல்ல பெண், கள்ளம் கபடம் தெரியாதவள். "நான் சாத்திட்டுப் போறேன், நீங்க எந்திரிக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. வீடு இருட்டானது.

ஒமைரா அந்த இருட்டில் கத்தியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது, அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. இந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். ஒரு கதவு வெளியிலிருந்து பதவிசாக இழுத்துச் சாத்தப்படுகிற சத்தம். அதை அவள் இதுவரை வெளியே நின்றுதான் கேட்டிருந்தாள்.

மேட்டு வளைவில் இருக்கிறது, தோன்யா என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடுகிற நெர்சாவின் வீடு. எண்பதைத் தாண்டிய தனிக்கட்டை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நெர்சாவின் கடைசி மகளும் ஊரைவிட்டுப் போனபோது, ரொட்டிக்கடை வாசலில் நாலு பேர் முன்னால் ஒமைராதான் சொன்னாள்: "நெர்சாம்மா வீட்டுப் பக்கம் இனிமே யாரும் திருடப் போகாதீங்க. பாவம், வைனுக்கும் கேக்குக்கும் அவங்க எங்க போவாங்க?" திருட்டில் தலைவி அவள். தலைவி சொன்னால் ஊர் தட்டுமா? எல்லாரும் தலையாட்டினார்கள். நமக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே ஒரு திருப்தி.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஜனவரியிலும் மேட்டுத் தோட்டத்துக்குப் போகிற வழியில் நெர்சாவின் கதவு ஆவென்று திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். கிழவிக்கு ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும், "தோன்யா நெர்சா, கதவ மறந்துட்டீங்க!" என்று குரல் கொடுத்து இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு "ம்" வரும். சில வருஷம் அதுவும் வராது.

"அட பாவி," என்று ஒமைரா சத்தமாகவே சொன்னாள். பெல்கிஸைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வெயில் நன்றாக ஏறியதும், மேட்டுக்கு நடந்தாள். முதலில் கையில் ஒரு பாட்டில் வைனையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள். விருந்து போடக் கிழவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று. பாதி வழியில் நின்றாள். ஒத்தாசை செய்துதானே இவ்வளவும் ஆனது? திரும்பி வந்து பாட்டிலை வைத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி ஏறினாள். முழங்கால் அவளைத் திட்டிக்கொண்டே வந்தது.

நெர்சாவின் கதவு திறந்துதான் இருந்தது. கிழவி அடுப்புக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒமைராவின் நிழல் உள்ளே விழுந்தது. வழக்கமான குரலுக்காகக் கிழவி காத்திருந்தாள். குரல் வரவில்லை. ஒமைரா வாசற்படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

கிழவியின் முகத்தில் என்ன நடந்தது என்று முழுசாகப் பார்க்க ஒமைராவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஏனென்றால் அந்த முகம் மெல்ல மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டது. கழுத்து வலியோ என்னவோ, உடம்பையே நாற்காலியோடு நகர்த்தித் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பிய பின் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

குடிலில் பாசி புதுசு. தடியூன்றி நடக்கிற காலை வைத்துக்கொண்டு கிழவி ஓடைக்கரை வரைக்கும் போய்ப் பறித்து வந்திருக்கிறாள். பாலனின் தலையில் புது வெள்ளை நூலில் பின்னிய குல்லா. ஏழு வருஷமும் யாரோ வருவார்கள் என்று இப்படித்தான் உடுத்தி வைத்திருப்பாள். ஒமைரா நாக்கைக் கடித்துக்கொண்டு பாலனைத் தூக்கிப் போர்வைக்குள் செருகினாள். வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

பூண்டு வயலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூச்சல் எழுந்தது. கீச்சென்ற குரல்தான், ஆனாலும் ஆற்றங்கரை வரை கேட்டது. "ஐயோ, என் பிள்ளையத் தூக்கிட்டாங்களே! ஊருல கேக்க நாதியில்லையா!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்டவர்களுக்குப் புரியவில்லை.

தேடுதலுக்கு நாள் குறித்தது நெர்சாதான். முன்னே நடந்ததும் நெர்சாதான். கறுப்புச் சால்வை, கையில் தடி, பின்னால் ஊர். வழக்கமாக வீட்டுக்காரர்கள் ஒப்புக்கு எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இவள் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் தடியை விட்டு ஆட்டினாள்.

"பெல்கிஸ், உங்க கட்டிலுக்கடில பாலன் இல்ல. ஆனா போன வருஷத்துக் கிழங்கு மொளச்சுக் கெடக்கு. அறுவடை பண்ணிக்கோங்க."

"ஒனேசிமோ, இந்தச் சட்டியக் கழுவுனீங்களா, இல்ல இதுவும் திருட்டுச் சட்டியா?"

ஏழு வருஷத்துப் பேச்சைக் கிழவி சேர்த்து வைத்திருந்தாள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் ஒமைராவின் வீடு. மாவு பிசைகிற மரத்தொட்டியில், துணிக்கு அடியில், குல்லாவோடு பாலன். நெர்சா துணியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒமைராவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா? வழி தெரிஞ்சு வர இவ்வளவு நாளாச்சாக்கும்."

பட்டுத்துணி விரிந்தது, வயலின் அழைத்தது, மெழுகுதிரிகள் மேடேறின. நெர்சாவின் வீட்டுக் குடிலில் பாலன் எழுந்து நின்றார். ஒவ்வொருவராய் முத்தமிட்டார்கள். அப்புறம் கிழவி அலமாரியைத் திறந்து மேசைமேல் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு பாட்டில்.

"இது மொத வருஷம் போட்டது," என்று நெர்சா முதல் பாட்டிலைத் தட்டினாள். "நீங்க மொதமொத வந்து கதவச் சாத்திட்டுப் போனீங்கல்ல ஒமைரா, அந்த வருஷம். இது அதுக்கடுத்தது. அந்த வருஷம் மோராப் பழம் புளிச்சுக் கெடந்துச்சு, குறை சொல்லக்கூடாது. இது லிபோரியோ செத்த வருஷம். எடுங்க, எல்லாரும் எடுங்க. நல்லா ஊறியிருக்கு."

அப்படியொரு வைனை முக்குராய் குடித்ததில்லை. ஒமைரா மட்டும் குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு கிழவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிருங்க தோன்யா. உங்களால முடியாதுன்னு நெனச்சேன். நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்."

"தெரியும். அதனாலதான் திட்டவும் முடியல." நெர்சா கேக்கை வைனில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பல் இல்லாத வாய் நிதானமாக அதை அசை போட்டது. "எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அவ்வளவு நல்லவங்களுக்கு நடுவுல நான் தனியா உக்காந்திருந்தேன்." பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "உங்க வீட்டுல எத்தன பாட்டில் இருக்கு?" என்று கேட்டாள்.

ஒமைரா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு."

கிழவி இன்னொரு துண்டு கேக்கை எடுத்துத் தோய்த்தாள்.

காணிக்கைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை. ஒமைரா கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் ஒருவரும் வராவிட்டால் நாளை சாயங்காலம் தானே எழுப்பிவிட வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பால் கொதித்துக்கொண்டிருந்தது.

தெருவில் டக் டக் என்று ஒரு தடிச் சத்தம் கேட்டது. மேட்டிலிருந்து இறங்கி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கியது. எதிர்வீட்டில் பெல்கிஸ் ஏதோ கேட்டாள். "உங்க வேலையப் பாருங்க," என்று பதில் வந்தது. தடிச் சத்தம் வாசற்படி ஏறியது.

ஒமைரா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் சரித்திரத்திலேயே அவ்வளவு மோசமாக யாரும் திருடியிருக்க மாட்டார்கள். தடி நாற்காலியில் இடித்தது. ஒரு மூட்டு சொடுக்கியது, "ஏசுவே" என்று ஒரு முனகல். குடிலில் ஆடுகள் சரிந்தன, அப்புறம் மாடு, அப்புறம் சூசையப்பர். "எங்கதான் வெச்சுத் தொலைச்சாங்களோ... ஆங்." மூக்குறிஞ்சுகிற சத்தம். ஒமைரா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கக்கூடாதுதான். ஆனால் பால் பாத்திரத்தின் மூடி பளபளவென்று எதிரிலேயே சாய்ந்திருந்தால் அவள் என்ன செய்வாள்? அதில் கறுப்புச் சால்வை போட்ட ஒரு குட்டி உருவம், நாக்கைக் கடித்துக்கொண்டு, எதையோ மார்போடு அணைத்து மூடிக்கொண்டிருந்தது. ஒமைராவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் திருடிக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்று துடைக்காமலே இருந்தாள்.

தடி மறுபடி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

உடனே கத்தக்கூடாது. கிழவிக்கு நடை மெதுவு, மேடு வேறு. ஒமைரா பாலை இறக்கி வைத்தாள். சூசையப்பரை நிமிர்த்தினாள். மாட்டை நிமிர்த்தினாள். பாசியில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் வெறுமையாக இருந்தது. வாசலுக்கு வந்து, கறுப்புச் சால்வை மேட்டு வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நாலு வருஷமாக வராத குரலில் கத்தினாள். "திருட்டு! திருட்டு! எல்லாரும் ஓடி வாங்க! என் பிள்ளையக் காணோம்!"

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன.